லான்செட்: எதை வாங்குவது, எப்படிக் குத்துவது, எப்போது தூக்கிப் போடுவது

வீட்டில் சுகர் பார்க்கிறவர்கள் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார்கள். விரலைக் குத்தும் சின்ன ஊசியான லான்செட்டுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மீட்டரோடு பெட்டியில் வந்தவை தீர்ந்ததும், கடைசியாகப் போட்ட ஒன்று மாதக்கணக்கில் குத்தும் பேனாவுக்குள்ளேயே கிடக்கும். விரல் வலிக்கிறது, ரத்தம் சரியாக வரவில்லை, ஸ்ட்ரிப் வீணாகிறது என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதனையையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் மாற்ற வேண்டியது மீட்டரை அல்ல, அந்த ஊசியை.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிப் கம்பெனியைப் பொறுத்து ஏறக்குறைய 10 முதல் 25 ரூபாய் வரை ஆகிறது. 100 எண்ணிக்கை உள்ள சாதாரண லான்செட் பெட்டி வாங்கினால் ஒன்று ஓரிரு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மழுங்கிய ஊசியால் ரத்தம் போதாமல் ஒரு ஸ்ட்ரிப் வீணானால், பத்து லான்செட்டின் விலை அதோடு போய்விடுகிறது. சோதனைக்கு வேண்டிய பொருள்களிலேயே மலிவானது லான்செட்தான். சிக்கனத்தை அங்கே தொடங்குவதில் லாபம் இல்லை.

அப்படியும் ஒரே லான்செட்டைப் பலமுறை பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். 'கூடாது' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் அவர்களுக்குப் பயனில்லை. எங்கே ஓரளவு இடம் உண்டு, எங்கே துளியும் இடம் இல்லை என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

வாங்கும் முன் பேனாவைப் பாருங்கள்

லான்செட்டைப் போட்டுக் குத்தும் கருவியைக் கடைக்காரர்கள் லான்சிங் டிவைஸ் என்பார்கள், வீட்டில் பேனா. எல்லாப் பேனாவுக்கும் எல்லா லான்செட்டும் சேராது. கடையில் 'சுகர் ஊசி கொடுங்க' என்று பொதுவாகக் கேட்டு வாங்கி வருவதில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது.

கடைகளில் அதிகம் கிடைப்பது உருண்டை லான்செட். உருளை வடிவ பிளாஸ்டிக் உடம்பு, மேலே திருகி எடுக்கும் தட்டையான மூடி. டாக்டர் மோர்பன் போன்ற பல மீட்டர்களோடு வரும் பேனாக்களில் இதுதான் பொருந்தும். அக்யூ-செக் சாஃப்ட்கிளிக்ஸ் பேனா தனி வடிவம். சாஃப்ட்கிளிக்ஸ் லான்செட் மட்டுமே அதில் உட்காரும். அக்யூ-செக் ஃபாஸ்ட்கிளிக்ஸில் தனித்தனி ஊசியே கிடையாது. ஆறு ஊசி அடங்கிய டிரம் ஒன்றைப் போட வேண்டும். வெளியே எடுத்த டிரம்மைத் திரும்பப் போட்டால் வேலை செய்யாது. ஒன்டச் டெலிகா பேனாவுக்கு டெலிகா லான்செட்தான்.

தனி வடிவ லான்செட்டுகள் உருண்டையைவிட விலை கூடுதல். அது தொடர்ந்து இடித்தால், மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் மாற்ற வேண்டியதில்லை. உருண்டை லான்செட் போடும் ஒரு பேனாவைத் தனியாக வாங்கிக்கொண்டால் போதும். எந்தக் கம்பெனி மீட்டருக்கும் எந்தப் பேனாவால் குத்திய ரத்தமும் சரிதான். மீட்டருக்கும் பேனாவுக்கும் தொடர்பு கிடையாது. பலருக்கு இது தெரியாததால், மீட்டர் பெட்டியில் வந்த பேனா உடைந்ததும் புது மீட்டரே வாங்கிவிடுகிறார்கள்.

உருண்டை என்று சொன்னாலும் உடம்பின் நீளமும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பழைய லான்செட் ஒன்றை மூடியோடு கடைக்கு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே தளர்வாக ஆடினால் ஊசி கோணலாகப் பாயும், வலிக்கும். நீளமாக இருந்தால் பேனாவின் மூடி முழுதாகப் பூட்டாது; குத்திய பிறகு ஊசி முனை துளைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் அந்த வகை உங்கள் பேனாவுக்கு ஆகாது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்

28ஜி, 30ஜி, 33ஜி என்று பெட்டியில் இருப்பது ஊசியின் தடிமன். எண் கூடக் கூட ஊசி மெலியும். 28ஜி ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர், 30ஜி 0.3, 33ஜி 0.2. மெல்லிய ஊசி வலி குறைவு; வரும் ரத்தமும் குறைவு. எனவே இந்த எண்ணை முடிவு செய்வது உங்கள் ஸ்ட்ரிப். அக்யூ-செக் ஆக்டிவ் ஸ்ட்ரிப்புக்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர் ரத்தம் தேவை. அக்யூ-செக் இன்ஸ்டன்ட், காண்டூர் பிளஸ் போன்றவற்றுக்கு 0.6 போதும். குறைந்த ரத்தம் கேட்கும் ஸ்ட்ரிப் என்றால் 30 அல்லது 33 தாராளமாகச் சரிவரும். பெரிய துளி கேட்கும் ஸ்ட்ரிப்போ, வயல் வேலை, கட்டட வேலை, பாத்திர வேலை என்று தோல் தடித்த கையோ என்றால் 28 எடுங்கள். தடித்த கையில் 33ஜி போட்டு மூன்று முறை குத்துவதைவிட 28ஜி போட்டு ஒருமுறை குத்துவது வலி குறைவு.

கடையில் பார்க்க வேண்டியவை

காலாவதித் தேதி லான்செட்டுக்கும் உண்டு. இவற்றைக் கதிர்வீச்சால் கிருமி நீக்கி மூடுகிறார்கள். மூடி அப்படியே இருக்கும் வரை, அந்தத் தேதி வரைதான் அதற்கு உத்தரவாதம். தயாரித்த கம்பெனியின் பெயர், லாட் எண், உரிம எண் மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் 2 என்ற எண்ணும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்ட குறி ஒன்று இருக்கும். 'இரண்டாம் முறை பயன்படுத்தாதே' என்பதுதான் அதன் பொருள்.

சில மெடிக்கல் ஷாப்களில் பெட்டியைப் பிரித்துப் பத்து, இருபது என்று சில்லறையாகக் கொடுப்பார்கள். அதில் தவறில்லை, ஒவ்வொன்றின் மூடியும் உடம்போடு ஒட்டியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடி லேசாகச் சுழன்றாலோ, கழுத்தில் வெள்ளையாக முறிந்த கோடு தெரிந்தாலோ வாங்காதீர்கள். எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாரோ அதன் தேதியையும் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை வாங்குவது? இன்சுலின் போட்டுக்கொண்டு தினம் நான்கு முறை பார்க்கிறவருக்கு மாதம் 120 வேண்டும். மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வாரம் இருமுறை பார்க்கிறவருக்கு மாதம் எட்டு, ஒன்பது. 100 பெட்டி ஒன்று ஏறக்குறைய ஓராண்டுக்கு வரும். 50 ஸ்ட்ரிப் வாங்கும்போது லான்செட் பல சமயம் கூட வராது. 'லான்செட் சேர்ந்திருக்கா?' என்று கேட்டு, இல்லையென்றால் அப்போதே வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரிப் இருந்து லான்செட் தீர்ந்துபோகிற நாளில்தான் பழைய ஊசி திரும்ப வேலைக்கு வருகிறது.

லான்செட் இல்லை என்று இன்சுலின் சிரிஞ்சின் ஊசியாலோ, தையல் ஊசியாலோ குத்துவது வேண்டாம். பேனா ஆழத்தைக் கட்டுப்படுத்துகிறது, கையால் குத்தும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வைத்திருக்கும் தட்டையான எஃகு லான்செட்டும் வீட்டுக்கு ஏற்றதல்ல. கை நடுங்கினால் ஆழமாக இறங்கிவிடும்.

குத்தும் முறை

சரியாகக் குத்தினால் லான்செட்டும் மிஞ்சும், ஸ்ட்ரிப்பும் மிஞ்சும். இந்தப் பகுதியில் நிதானமாக இருப்பது நல்லது.

முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். கிருமிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு ரத்தத்தோடு கலந்து பொய்யான அளவைக் காட்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரஞ்சு, திராட்சை, கிவி போன்ற பழங்களை உரித்த கையைக் கழுவாமல் சோதித்தபோது சர்க்கரை மிகக் கூடுதலாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் அது சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது. மாம்பழம் நறுக்கிய கை, காபிக்குச் சர்க்கரை போட்ட கை, பிரசாதம் வாங்கிய கை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அந்தப் பொய் அளவை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சுகர் ஆபத்தாக இறங்கும்.

வெதுவெதுப்பான நீரில் கழுவினால் விரலுக்கு ரத்த ஓட்டம் கூடும். கழுவியபின் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈர விரலில் துளி உருண்டு நிற்காமல் பரவி ஓடிவிடும். வெளியூரில் தண்ணீர் இல்லாமல் ஸ்பிரிட் பஞ்சுதான் இருக்கிறது என்றால், துடைத்து அது தானாக முழுதும் காயும்வரை காத்திருங்கள். வாயால் ஊதிக் காயவைக்காதீர்கள். முதல் துளியைச் சுத்தமான பஞ்சில் துடைத்துவிட்டு அடுத்த துளியை ஸ்ட்ரிப்பில் தொடுங்கள்.

பேனாவின் மூடியைக் கழற்றி, லான்செட்டைக் கடைசிவரை அழுத்திப் பொருத்துங்கள். பிறகுதான் லான்செட்டின் மூடியைத் திருகி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் உடம்பே பேனாவைவிட்டுக் கழன்று வரும். திருகி எடுத்த வட்ட மூடியை எறியாதீர்கள், கடைசியில் தேவைப்படும். பேனாவின் மூடியை மாட்டி, ஆழத்தைத் திருகி வையுங்கள். இந்த எண்கள் மில்லிமீட்டர் அல்ல, வெறும் படிகள். ஐந்து படி உள்ள பேனாவும் உண்டு, சாஃப்ட்கிளிக்ஸில் 0.5 முதல் 5.5 வரை பதினொரு படி. புதிதாகத் தொடங்குகிறவர் 2-ல் வைத்துப் பார்த்து, துளி போதாவிட்டால் அரைப் படியோ ஒரு படியோ ஏற்றலாம். ஸ்ட்ரிப்புக்குப் போதுமான துளி தரும் மிகக் குறைந்த எண்தான் உங்கள் எண். அதை மீட்டர் பையில் எழுதி வைத்துவிட்டால், வீட்டில் வேறொருவர் குத்திவிடும் நாளிலும் தடுமாற்றம் இருக்காது.

எங்கே குத்துவது? விரல் நுனியின் நடுச் சதையில் வேண்டாம். அங்கே நரம்பு முனைகள் அதிகம், அன்றாடம் எதைத் தொட்டாலும் படுகிற இடமும் அதுதான். நுனியின் பக்கவாட்டில், நகத்தை ஒட்டாமல் குத்துங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டால் ஒரு கையில் மூன்று விரல், விரலுக்கு இரண்டு பக்கம், இரண்டு கைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு இடம் கிடைக்கும். வரிசையாகச் சுற்றி வந்தால், தினம் நான்கு முறை பார்க்கிறவருக்குக்கூட ஒரே இடம் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும். வசதியான ஒரே விரலில் குத்திக்கொண்டே இருந்தால் தோல் காய்த்துப் போகும். பிறகு ஆழத்தைக் கூட்ட வேண்டி வரும், வலியும் கூடும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) போட்ட கையில் குத்த வேண்டாம்.

குத்தும் முன் கையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி நீவுங்கள். பேனாவை விரலில் பதியும்படி அழுத்திப் பிடித்துப் பொத்தானை அமுக்குங்கள். பயத்தில் பேனாவைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால் ஊசி பாதிதான் இறங்கும். திரும்பக் குத்த வேண்டியதாகும்.

குத்தியதும் உடனே பிழியாதீர்கள், சில நொடி விடுங்கள். துளி வரவில்லை என்றால் விரலின் அடிப்பகுதியிலிருந்து மெதுவாக நீவுங்கள். நுனியைப் பிடித்து இறுக்கிப் பிழிந்தால் ரத்தத்தோடு திசு நீரும் கலந்து வந்து அளவு தவறும். துளி சிறிதாகத் தெரிந்தால் ஸ்ட்ரிப்பில் தொடும் முன்பே கொஞ்சம் பெரிதாக விடுங்கள். காண்டூர் பிளஸ் போன்ற சில மீட்டர்களில்தான் ரத்தம் குறைந்தால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். மற்ற பலவற்றில் முதல் தொடுதலோடு அந்த ஸ்ட்ரிப் முடிந்தது.

ஒரே லான்செட்டைத் திரும்பப் பயன்படுத்துவது

லான்செட் ஒருமுறைக்கென்றே செய்யப்படுகிறது. முனை மிக மெல்லியது, சறுக்கிக்கொண்டு இறங்குவதற்காக மேலே சிலிக்கோன் பூச்சு ஒன்று இருக்கும். ஒருமுறை தோலில் இறங்கி ஏறியதும் பூச்சு தேயத் தொடங்கும், முனையும் மெல்ல வளையும். மழுங்கிய அரிவாள்மணை தக்காளியை நறுக்காமல் நசுக்குவதுபோல், இந்த ஊசி தோலை அறுக்காமல் கிழிக்கும். அதனால்தான் வலி கூடுகிறது, காயம் ஆறவும் நேரமாகிறது.

ஒவ்வொரு முறையும் புதிது போடுவதுதான் சரி. ஆனால் பணம் இழுத்துப் பிடிக்கும் வீட்டில் தினம் நான்கு முறை சோதனை என்றால் என்ன செய்வது? தன் ஊசியைத் தானே, சுத்தமான கையில், அன்றைய நாளுக்குள் மட்டும் திரும்பப் பயன்படுத்தும் ஆரோக்கியமான ஒருவருக்குத் தொற்று வருவது அரிது. காலை வெறும் வயிற்றுச் சோதனைக்குப் புது லான்செட், இரவோடு அது குப்பைக்கு: இந்த எல்லையைத் தாண்டாதீர்கள். இப்படிச் செய்தால் மாதம் 120-க்குப் பதில் 30 போதும்.

இங்கே எண்ண வேண்டியது எத்தனை குத்து என்பதை மட்டுமல்ல, எத்தனை நாள் என்பதையும். வாரம் இருமுறை சோதிக்கிறவர் ஒரே லான்செட்டை நான்கு முறை பயன்படுத்தினால், ரத்தம் காய்ந்த ஊசி இரண்டு வாரம் பேனாவில் கிடக்கிறது. அவர் அதனால் மிச்சம் பிடிப்பது மாதத்துக்குப் பதினைந்து ரூபாய்கூட வராது. குறைவாகச் சோதிக்கிறவர்கள் திரும்பப் பயன்படுத்த எந்தக் காரணமும் இல்லை.

அன்றைய நாளுக்குள் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் ஊசியைப் பேனாவிலேயே விட்டு மூடி வையுங்கள். வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப மாட்டும்போதுதான் கையில் குத்திக்கொள்வதும் அழுக்கு படுவதும் நடக்கிறது. ஸ்பிரிட்டால் ஊசியைத் துடைக்காதீர்கள். பலரும் இதைச் சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். மிச்சமிருக்கும் பூச்சும் அதில் போய்விடும், பஞ்சின் நார் முனையில் சிக்கும், கிருமியும் முழுதாகச் சாகாது. வெந்நீரில் கொதிக்க வைப்பது, தீயில் காட்டுவது இரண்டுமே பிளாஸ்டிக்கையும் முனையையும் கெடுக்கும். ஆக, பழைய லான்செட்டை வீட்டில் புதிதாக்க வழியே இல்லை. ஃபாஸ்ட்கிளிக்ஸ் வைத்திருப்பவர்கள் நெம்புகோலை நகர்த்தினால் அடுத்த புது ஊசி வரும். காலையில் ஒருமுறை நகர்த்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஊசி கீழே விழுந்தாலோ, விரலையல்லாமல் வேறெதிலாவது பட்டாலோ, முனை வளைந்தோ கறுத்தோ தெரிந்தாலோ, நேற்றைவிட இன்று வலி கூடினாலோ, வழக்கமான எண்ணில் ரத்தம் வராமல் ஆழத்தை ஏற்ற வேண்டி வந்தாலோ, நாள் முடியக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். ஆழத்தை ஏற்றியதும் ரத்தம் வந்துவிடுவதால் பலர் ஊசி மழுங்கியதைக் கவனிப்பதில்லை. மாதக் கடைசியில் பேனா 5-ல் நிற்கும், விரல் நுனியில் கறுப்புப் புள்ளிகள் நிரம்பியிருக்கும்.

சிலருக்கு இந்த ஒரு நாள் சலுகையும் கிடையாது. டயாலிசிஸில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், சிறு கீறலும் சீழ் பிடிக்கிற அளவுக்குச் சுகர் கட்டுக்கடங்காமல் இருப்பவர்கள், விரலில் புண்ணோ நகச்சுற்றோ இருப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் புதிதுதான் போட வேண்டும். குத்திய இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டால் வலித்தால் அந்த விரலை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அவசரத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கி, சுகர் இறங்குகிறது என்று தோன்றினால் புது லான்செட் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பேனாவில் இருக்கும் உங்கள் சொந்த ஊசியாலேயே பாருங்கள். சோதிக்கவே முடியாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ அதே அளவு குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கணவன் ஊசி மனைவிக்கு ஆகாது

மேலே சொன்ன சலுகை எல்லாம் ஒருவரின் ஊசி அவருக்கே என்பதற்குத்தான். இரண்டாம் ஆளுக்கு ஒருமுறைகூடக் கூடாது. கணவன் மனைவி இருவருக்கும் சுகர் இருக்கும் வீடுகள் ஏராளம். 'ஒரே வீட்டு ஆளுங்கதானே' என்று ஒரே ஊசியால் இருவரும் பார்ப்பதும் நடக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். தனக்கு அது இருக்கிறது என்று தெரியாமலேயே பல ஆண்டு வாழ்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் விரல் குத்தும் கருவிகளைப் பகிர்ந்ததால் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்களுக்குப் பிறகு, 2010-ல் அந்நாட்டு அரசு அமைப்புகள் ஊசி மட்டுமல்ல, பேனாவையும் ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தன. ஊசியை மாற்றினாலும் பேனா மூடியின் உட்புறத்தில் ரத்தம் தெறித்திருக்கும் என்பதே காரணம். எனவே வீட்டில் இருவருக்குச் சுகர் என்றால் மீட்டர் ஒன்று போதும், பேனா இரண்டு வேண்டும். பெயர் எழுதியோ வேறு வேறு நிற டேப் ஒட்டியோ பிரித்து வையுங்கள். மீட்டரையும் ஒருவர் பார்த்ததும் துடைத்துவிட்டு அடுத்தவர் பயன்படுத்துங்கள்.

வெளியில் சோதித்துக்கொள்ளும்போதும் இதே கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். நடைப்பயிற்சித் திடல், கோயில் திருவிழா, அலுவலகம் என்று முகாம்களும் நடக்கின்றன. பலருக்குச் சுகர் இருப்பதே இங்கேதான் தெரிய வருகிறது, தவிர்க்காதீர்கள். 'சிஸ்டர், புது லான்செட்தானே? என் முன்னாடியே பிரிங்க' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகாமுக்கு ஏற்றது சேஃப்டி லான்செட்: பேனாவே தேவையில்லை, அழுத்தியதும் குத்திவிட்டு ஊசி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், இரண்டாம் முறை குத்தவே குத்தாது. ஒரே பேனாவில் ஊசியை மாற்றி மாற்றி எல்லோருக்கும் குத்துகிறார்கள் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

பேனா மக்கர் செய்தால்

பொத்தான் அமுங்கியும் ஊசி பாயவில்லை என்றால் பெரும்பாலும் லான்செட் கடைசிவரை உட்காரவில்லை, அல்லது பேனாவை இழுத்து லோடு செய்யவில்லை. பாய்கிறது, ஆனால் தோலில் இறங்கவில்லை என்றால் மூடி கோணலாகப் பூட்டியிருக்கும், இல்லையென்றால் மூடி மாறியிருக்கும்: பல பேனாக்களோடு உள்ளங்கையில் குத்துவதற்கென ஒரு கண்ணாடி நிற மூடி வரும், அதை விரலுக்குப் போட்டால் ஆழம் மாறும். புது ஊசி, சரியான மூடி, உச்ச எண், அப்படியும் ரத்தம் வரவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, பேனாவை மாற்றுங்கள். லோடு செய்த நிலையில் பேனாவை எடுத்து வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மூடியை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். பேனாவின் உடம்பை ஈரத் துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்க வேண்டாம்.

தூக்கிப் போடுவது

பயன்படுத்திய லான்செட்டைக் குப்பைப் பையில் போட்டால் அடுத்து அதில் கை படுவது தூய்மைப் பணியாளருக்கு. அவர் பையைத் தூக்கும்போதும், குப்பையைப் பிரிக்கும்போதும் குத்திவிடும். யாருடைய ஊசி, என்ன நோய் என்று தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டியது அவர். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு ஊசிகளை அபாயகரமான வீட்டுக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் இவை சேரக் கூடாது.

குத்தி முடித்ததும், எடுத்து வைத்த வட்ட மூடியை மேசைமேல் வைத்து, பேனாவிலிருந்தபடியே ஊசியை அதன் தட்டில் குத்திச் செருகுங்கள். மூடியை விரலால் பிடித்துக்கொண்டு செருகக் கூடாது. கை தவறுவது அப்போதுதான். பிறகு பேனாவின் தள்ளுவிசையால் நேராக ஒரு டப்பாவுக்குள் தள்ளிவிடுங்கள். டாய்லெட் கிளீனர், துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் இதற்கு நல்லது. தண்ணீர் பாட்டிலும் பால் கவரும் ஆகாது, ஊசி துளைத்து வெளியே வரும். கண்ணாடி பாட்டில் உடையும். பாட்டிலில் 'ஊசி – திறக்காதீர்' என்று பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். முக்கால் அளவு நிரம்பியதும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, நீங்கள் சிகிச்சை எடுக்கும் கிளினிக்கிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக் கொடுங்கள். மருத்துவமனைகளில் கூர்மையான கழிவுக்கென்று துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி இருக்கும். அங்கே வாங்காவிட்டால், குப்பை சேகரிக்க வருகிறவரிடம் தனியாகக் கையில் கொடுத்து, 'இதுல ஊசி இருக்குங்க' என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பழைய பாட்டில் வாங்குகிறவரிடம் போட்டுவிடாதீர்கள்.

வேறொருவர் பயன்படுத்திய லான்செட் யாருக்காவது குத்திவிட்டால், அந்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பிழிந்து ரத்தத்தை வெளியேற்றுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, டெட்டால் ஊற்றுவதோ வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை. ஊசி யாருடையது என்று தெரிந்தால் அவரையும் ரத்தப் பரிசோதனைக்கு உடன் அழைத்துப் போங்கள்.